உப்பை மிதிக்கிற ஊர்

இஞ்சாலை வாரும் தம்பி, இஞ்சாலை. அந்தக் குவியலுக்கு மேலால ஏறாதையும், வழுக்கும். கையைத் தாரும். ம், ஏறும். சரி. இந்த சீற்றில இரும், ஹீற்றர் இதுக்குக் கீழதான் இருக்கு.

பாத்தீரோ வேலையை? பஸ் நிக்கிற இடம், சனம் ஏறி இறங்கிற இடம். றோட்டில கிடந்த பனி எல்லாத்தையும் வழிச்சுக் கொண்டுவந்து சரியா அதில குவிச்சு வைச்சிருக்கிறாங்கள். ஏனெண்டு கேட்டா, றோட்டைத் துப்புரவாக்கினவையாம். சீ! வீட்டைக் கூட்டிக் குப்பையைக் கட்டிலில கொட்டினா அது கூட்டினதோ?

உதென்ன சப்பாத்து? ஓடுற சப்பாத்தோ? எப்ப வந்தனீர்? ஒக்ரோபரோ. அப்ப இதுதான் முதல் வின்ரர். நல்ல பூட்ஸ் ஒண்டு வாங்கும், அடி சொரசொரப்பா இருக்க வேணும். ஊரில எவடம்? சுன்னாகமோ. நான் அளவெட்டி. பேர் தில்லைநாதன். இந்த நாட்டுக்கு வந்து முப்பத்திரண்டு வருஷம். முப்பத்திரண்டு வருஷமும் இந்த அரியண்டத்தைப் பாத்துக்கொண்டிருக்கிறன்.

எவ்வளவு தூரம் போறீர்? கடைசி வரைக்குமோ? அப்ப கேளும். எனக்கு இண்டைக்கு ஆருக்காவது சொல்ல வேணும்.

இந்தச் சிட்டிக்காரர் பனியை வழிக்கிறதுக்கு ஒரு ஒழுங்கு வைச்சிருக்கினம். முதல் பெரிய றோட்டு. பிறகு பஸ் ஓடுற றோட்டு. பிறகு பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ஏத்தம் இறக்கம். அதெல்லாம் முடிஞ்சு, தேத்தண்ணி குடிச்சு, ஆள் மாறி, ஆறுதலா வாறதுதான் எங்கட ஒழுங்கை. வந்தாலும் என்ன செய்வாங்கள்? நான் விடிய எழும்பி, முதுகு முறிய, கார் வெளியில எடுக்கிற பாதையை வழிச்சு வைச்சிருப்பன். அந்த மிசின் ஒரு இழுவை இழுத்துக்கொண்டு போகும். போனாப் பிறகு பாத்தா, என்ர வாசலுக்குக் குறுக்கால முழங்கால் உயரத்துக்கு ஒரு வரம்பு. தோட்டத்தில கட்டின வரம்பு மாதிரி. வேணுமெண்டா அதில வெங்காயம் நடலாம். அது சும்மா பனியில்லை பாரும், ஐஸும் மண்ணும் ஊத்தையும் கலந்த கட்டி. மண்வெட்டி போடத் தீப்பொறி பறக்கும்.

அதுக்கு நான் நாப்பத்தொரு தரம் போன் அடிச்சிருக்கிறன். இந்தக் குளிருக்கு மட்டும் நாப்பத்தொண்டு. ஒவ்வொருக்காலும் ஒரு நம்பர் தருவாளவை, எல்லாத்தையும் கொப்பியில எழுதி வைச்சிருக்கிறன். இந்தப் பையுக்கைதான் இருக்கு. இப்ப அங்கை என்ர குரலைக் கேட்டவுடன பேரைச் சொல்லுறாளவை. "குட்மோர்னிங் மிஸ்டர் தில்லை." என்ன குட்மோர்னிங்?

ஆனா பனியை விடும். பனி கடவுள் போடுறது. இந்த உப்பு இருக்கே, உப்பு, அதுதான் எனக்குச் சகிக்கேலாது.

உம்மட சப்பாத்தைப் பாரும். விளிம்பில வெள்ளையாப் படிஞ்சிருக்குதே, அது உப்பு. லொறியில கொண்டுவந்து அள்ளி அள்ளி விசிறிறாங்கள், கோழிக்குத் தீன் போடுற மாதிரி. அது பனியோட சேந்து மண்ணிறமா, கூழ் மாதிரி ஒரு சகதியாகும். அதுக்கை நாய் போகும். அதை மிதிச்சுக்கொண்டு வந்து வீட்டு விறாந்தையில நிப்பம். காய்ஞ்சா வெள்ளை வெள்ளையாத் திட்டு. காரைத் திண்டுபோடும், புல்லை எரிச்சுப்போடும், சப்பாத்தை வெடிக்க வைக்கும்.

அதைவிட, தம்பி, உப்பு ஆர்? லட்சுமியெல்லே? எங்கட வீட்டில உப்பு கீழ சிந்தினா அம்மா அப்பிடியே குந்தியிருந்து ஒவ்வொரு கல்லாப் பொறுக்குவா. காலில படக்குடாது. புது வீட்டுக்குப் போகேக்கை முதல்ல கொண்டுபோறது என்ன? உப்பெல்லே? இஞ்சை என்னெண்டா லட்சுமியை றோட்டில கொட்டி, மூண்டு மில்லியன் சனம் காலால உழக்குது. விளங்குமோ ஒரு நாடு?

அதிலயும் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை விடியக் கதவைத் துறந்தா, என்ர படியிலயிருந்து முன்னுக்கு இருக்கிற நடைபாதை வரைக்கும் உப்பு. என்ர மனுசி தவமலர் இருக்கேக்கை அவதான் அதெல்லாம் பாத்தவ. அவ போய் நாலு வருஷம். வெள்ளிக்கிழமை விடிய மஞ்சள் தண்ணி தெளிக்காமல் அவ தேத்தண்ணி வைச்சதில்லை. சமருக்கு, வெயில் நாளில, செம்பால தெளிப்பா. வின்ரருக்கு மஞ்சள் தண்ணியில துணியை நனைச்சு, பிழிஞ்சு, குந்தியிருந்து அந்த மூண்டு படியையும் துடைச்சுப்போட்டு வருவா. படியை மட்டும்தான். "தெளிச்சால் என்னப்பா?" எண்டு கேப்பன். "உங்களுக்கொண்டும் விளங்காது" எண்டுவா. அவவுக்கு நான் எப்பவும் விசரன்தான்.

எனக்குக் குனிய ஏலாது, முதுகு. அதால நான் வாளி. ஒரு வாளி நல்ல சுடுதண்ணி, ஆவி பறக்கப் பறக்க, ரெண்டு கரண்டி மஞ்சள். மேற்படியில நிண்டு ஒரே விசிறு. உப்பெல்லாம் கழுவுப்பட்டு, நடைபாதையில கிடக்கிறதும் சேந்து ஓடிப்போடும். பிறகு பாத்தா வாசல் பளபளவெண்டு கண்ணாடி மாதிரி இருக்கும். அப்பத்தான் எனக்கு மனம் ஆறும். மலர் பாத்தாச் சந்தோசப்படுவா எண்டு நினைப்பன்.

என்ன? உறையாதோ எண்டு கேக்கிறீரோ? சுடுதண்ணி எண்டு சொல்லுறன். சுடுதண்ணி எப்பிடித் தம்பி உறையும்? அது ஐஸை உருக்கிறதுக்கெல்லே. நீர் ஒக்ரோபரில வந்தனீர், நான் முப்பத்திரண்டு வருஷம்.

அதோட இன்னொண்டு சொல்லுறன், சிரிப்பீர். இவங்கள் பனி பெய்ய முதல் றோட்டுக்குத் தண்ணி அடிக்கிறாங்கள். உண்மையா! உப்புத் தண்ணி. அதுக்கை பீட்ரூட் சாறு கலக்கிறாங்களாம். பீட்ரூட்! கறி வைக்கிற பீட்ரூட். அவங்கள் பீட்ரூட் தண்ணி ஊத்தினா விஞ்ஞானம், நான் மஞ்சள் தண்ணி ஊத்தினா விசரோ?

சரி, விசயத்துக்கு வாறன்.

எனக்குப் பக்கத்து வீடு நடேசலிங்கம். பதினெட்டு வருஷமாப் பக்கத்து வீடு. கூடப்பிறக்காத தம்பி எண்டு சும்மா வாய்க்குச் சொல்லுறதில்லை. மலர் போனண்டு அவன்தான் என்னைக் குளிக்க வாத்து, வேட்டி கட்டி, சுடலைக்குக் கூட்டிக்கொண்டு போனவன். அவன்ர மனுசி மங்கையர்க்கரசி, நாங்கள் மங்கை எண்டுதான் கூப்பிடுறது, நாலு வருஷமா எனக்கு மத்தியானச் சாப்பாடு அந்தப் பிள்ளைதான். என்ர வீட்டுத் திறப்பு ஒண்டு அவவிட்ட. பன்னிரண்டு மணிக்கு அதால கதவைத் துறந்து வந்து குசினியில சாப்பாட்டை வைச்சிட்டு, சாமி விளக்கையும் பாத்திட்டுப் போவா.

நடேசன் பள்ளிக்கூட பஸ் ஓட்டினவன். பத்தொன்பது வருஷம். எத்தினை பனி, எத்தினை ஐஸ், ஒரு நாள் ஒரு சில்லுச் சறுக்கினதில்லை. காலும் அப்பிடித்தான். பாத்துப் பாத்து வைப்பான். அப்பிடிப்பட்டவன், மூண்டு கிழமைக்கு முதல், வெள்ளிக்கிழமை, விடிய ஏழேகாலுக்கு, என்னைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போக வந்தவன், என்ர வாசலுக்கு முன்னால, சிட்டிக்காரன்ர நடைபாதையில, மல்லாக்க விழுந்தான்.

நான் உள்ளுக்கு வீபூதி பூசிக்கொண்டு நிக்கிறன். "தொம்" எண்டு ஒரு சத்தம். கதவைத் துறந்தா ஆள் வானத்தைப் பாத்துக்கொண்டு கிடக்கிறான். கால் ஒண்டு பிழையாத் திரும்பியிருக்கு. நான் "ஐயோ நடேசா" எண்டு பாய வெளிக்கிட, அவன் கையைத் தூக்கி, "அண்ணை, வராதேங்கோ, அங்கினையே நில்லுங்கோ, வழுக்கும்" எண்டான். விழுந்து கிடக்கிறவன் எனக்குச் சொல்லுறான்! என்ர நெஞ்சு வெடிச்சது தம்பி. இப்பவும் நினைச்சா வெடிக்குது.

இடுப்பு எலும்பு. அண்டைக்கே வெட்டி, தகடு வைச்சு, இப்ப நடை பழக்கிற ஆஸ்பத்திரியில கிடக்கிறான். சித்திரை முடிய மகளுக்குக் கலியாணம். மணவறையில நிண்டு கன்னிகாதானம் குடுக்க வேண்டியவன். டொக்ரர், பிடிச்சுக்கொண்டு நிக்கலாம், தனிய நிக்கிறது சந்தேகம் எண்டிட்டார். ஒரே மகள்.

எனக்கு வந்த கோவம்! நான் சும்மா விடுறதில்லை எண்டு முடிவெடுத்தன். அண்டைக்கே போனில படம் எடுத்தன். அம்புலன்ஸ் அவனை ஏத்திக்கொண்டு போய் அரை மணித்தியாலத்துக்குள்ள. பதினொரு படம். சிட்டிக்கு அடிச்சன், நாப்பதாவது கோல் அது. ஆள் விழுந்து இடுப்பு முறிஞ்சு போச்சு, உங்கட நடைபாதை, உப்புப் போடேல்லை, வந்து பாருங்கோ எண்டு.

செவ்வாய்க்கிழமை வந்தாள் ஒரு பெட்டை. இருபத்தஞ்சு வயசிருக்கும், பளிச்செண்ட ஜாக்கெட் போட்டுக்கொண்டு. ஐஸ் அப்பிடியே கிடக்குது, மைனஸ் இருபத்திரண்டு பாகைக் குளிரில எங்கை உருகிறது? குனிஞ்சு பாத்தாள். பூட்ஸ் நுனியால சுரண்டினாள். "ஏன் இது மஞ்சளா இருக்கு?" எண்டு கேட்டாள்.

நான் "நாய்" எண்டன்.

வேறை என்ன சொல்லுறது? அந்த ஒழுங்கையில எத்தினை நாய் போகுது! ஒவ்வொருத்தரும் ரெண்டு மூண்டு வைச்சிருக்கினம். நாய்க்குச் சப்பாத்துப் போடுகினம் தம்பி, மனுசன் விழுந்து முறியிறான், நாய் சப்பாத்தோட போகுது. அவள் பாத்தாள். ஐஸைப் பாத்தாள், அது வழிஞ்சு வந்த படியைப் பாத்தாள், மேற்படியில வாளி இருந்தது, அதையும் பாத்தாள். "பெரிய நாய்" எண்டாள். எழுதிக்கொண்டு போயிட்டாள். மரியாதை இல்லாத சாதி.

பத்து நாளில கடிதம். இந்தா, வாசியும். அண்டைக்கு விடிய அஞ்சு பத்துக்கு அந்த நடைபாதைக்கு உப்புப் போட்டவையாம், மிசினில பதிவு இருக்காம். காயப்பட்டவர் தானே எழுதி, எந்த இடத்தில விழுந்தவர் எண்டு கையெழுத்து வைச்சு அனுப்பினா மேற்கொண்டு பாப்பினமாம்.

போட்டவங்கள்தான். இல்லையெண்டு நான் சொல்லேல்லை. ஆறு மணிக்கு நான் கதவைத் துறக்கேக்கை கிடந்தது, படி வரைக்கும் தெறிச்சு, அரியண்டமா. கழுவினனான். அது வேறை கதை. கழுவினாப் பிறகு திரும்ப வந்து போட வேண்டியது ஆற்ர கடமை? சிட்டிக்காரன்ரயெல்லே?

என்ன தம்பி, யன்னலைப் பாக்கிறீர்? கேக்கிறீரோ?

இப்பத்தான் பெரிய விசயம் வருது. நான் அந்தக் கடிதத்தைக் கொண்டு மங்கையிட்டப் போறன். "பிள்ளை, இதில நடேசன்ர கையெழுத்து வேணும்." அவ கடிதத்தை வாசிச்சா. கழுவின உடுப்பு மடிச்சுக்கொண்டிருந்தவ. நடேசன்ர அந்த வெள்ளை வேட்டி, கோயிலுக்குக் கட்டின வேட்டி, மடியில இருந்தது. ஒரு பக்கம் பெருசா மஞ்சள் கறை. "நாலு தரம் தோய்ச்சிட்டன் அண்ணை, போகுதில்லை" எண்டா. "ப்ளீச் போடும்" எண்டன். வேட்டியை மடிச்சு ஒரு பக்கம் வைச்சா. பிறகுதான் சொன்னா, "அவர் ஆஸ்பத்திரியில, எங்கட வீட்டு மாடிப்படியில விழுந்ததெண்டெல்லோ எழுதிக் குடுத்திருக்கிறார்."

எப்பிடி இருக்கு? தன்ர வீட்டுக்குள்ள, மாடிப்படியில! கம்பளம் போட்ட படியில! பத்தொன்பது வருஷம் ஐஸில பஸ் ஓட்டினவன் கம்பளத்தில சறுக்கினவனாம்! டொக்ரரிட்டச் சொல்லி, ஆஸ்பத்திரிக் கடுதாசி எல்லாத்திலயும் பதிஞ்சாச்சு. பச்சைப் பொய். ஆருக்காகப் பொய் சொன்னவன்? சிட்டிக்காரன் இவனுக்கு மாமனோ மச்சானோ? இவனுக்காக நான் நாப்பத்தொரு தரம் அடிச்சு, படம் எடுத்து, நிண்டு சண்டை பிடிக்கிறன். இவன் படுத்திருந்துகொண்டு என்ர காலை வாருறான். பதினெட்டு வருஷச் சிநேகம். தூ!

போன கிழமை போனனான் கேக்க. யன்னலோரக் கட்டில். மெலிஞ்சு போனான், கன்னம் ஒட்டி. பக்கத்தில அந்தப் பிடிச்சு நடக்கிற இரும்பு. என்னைக் கண்டவுடன கையைப் பிடிச்சான். நான் கடிதத்தை எடுக்க முதலே கேக்கிறான், "அண்ணை, இன்னும் வெள்ளிக்கிழமை ஊத்துறியளோ?"

"ஊத்தாமல்? மலர் செய்த வேலை. விடுவனே?" எண்டன்.

அவன் பிடிச்ச கையை விடேல்லை. பிறகு, "எனக்கு இனி நடந்தது நடந்து போச்சு. மங்கை வாறதைக் கொஞ்சம் பாத்துக்கொள்ளுங்கோ" எண்டான். அவ்வளவுதான். அங்கால திரும்பிப் படுத்திட்டான். நான் கடிதத்தை நீட்டினா கையெடுக்கிறானில்லை. ஒரு மணித்தியாலம் இருந்தன். நித்திரை மாதிரிக் கிடக்கிறான். நித்திரையில்லை, எனக்குத் தெரியும், நடேசன் நித்திரையெண்டா குறட்டை விடுவான்.

இண்டைக்கு விடுறதில்லை. படங்களைக் கொண்டு போறன். வாய்ப்பேச்சு வேண்டாம், இதைப் பாத்துச் சொல்லு நீ எங்கை விழுந்தனி எண்டு கேக்கப் போறன். இஞ்சை, பிடியும். பெருசா அடிப்பிச்சனான். இஞ்சை மருந்துக்கடையிலயும் படம் அடிப்பினம், அங்கை நிண்ட பெட்டை, கலரிலயோ கறுப்பு வெள்ளையிலயோ எண்டு கேட்டாள். கலரில அடியும் பிள்ளை, அப்பத்தான் சாட்சி தெளிவா இருக்கும் எண்டன். பாரும். இது நடைபாதை. இது அவன்ர தொப்பி கிடக்குது. இது ஐஸ். இதில தெரியுதே, மேலயிருந்து வழிஞ்சு வந்து... இது என்ர படி.

ஏன் அப்பிடிப் பாக்கிறீர்? படத்தைப் பாரும், என்ர மூஞ்சியை ஏன் பாக்கிறீர்?

மஞ்சளோ. நாய் எண்டு சொன்னனெல்லே.

சொன்னனெல்லே தம்பி.

இப்ப என்ன நேரம்? பதினொண்டரையோ. இண்டைக்கு என்ன, வெள்ளி. ஓம், வெள்ளி. ஊத்திப்போட்டுத்தான் வந்தனான். நேற்றிரவு பெய்ததுக்கு இண்டைக்குக் கனக்க உப்புப் போட்டிருந்தவங்கள். ரெண்டு வாளி ஊத்தினனான்.

மங்கை பன்னிரண்டுக்கு வருவா. சாப்பாட்டுப் பெட்டியும் கையில. இரும், ஒருக்கா அடிச்சிட்டு வாறன். இந்தப் போனில எழுத்துத் தெரியுதில்லை, அந்த "ம" வைக் காட்டும். ம், அதுதான்.

ஹலோ... பிள்ளை, நான் தில்லையண்ணை. பஸ்ஸில. இல்லை, இன்னும் போய்ச் சேரேல்லை. பிள்ளை, இண்டைக்கு முன்பக்கத்தால வரவேண்டாம். பின்பக்கத்தால வாரும், திறப்பு அதுக்கும் சரிவரும். இல்லை, ஒண்டுமில்லை. இந்தச் சிட்டிக்காரர் சரியில்லை, அதுதான்... என்ன?... எப்ப தொட்டு?... ம்... ம்... சரி பிள்ளை. சரி. வை.

பின்பக்கத்தாலதானாம் வாறவ. அவர் விழுந்தண்டு தொட்டு. நடேசன் தன்னை அம்புலன்ஸில ஏத்தேக்கையே சொல்லிப்போட்டானாம், அண்ணையின்ர முன்வாசலால இனிப் போகாதை, ஆனா ஏனெண்டு அண்ணைக்குச் சொல்லிப்போடாதை, மனுசன் தாங்காது எண்டு. பனி கணுக்கால் வரைக்கும் நிக்குதெல்லே எங்கட பின்வளவில. அதுக்கால மூண்டு கிழமையாச் சாப்பாட்டைக் கொண்டு நடந்திருக்கிறா. நான் காணவேயில்லை. பின்பக்கத்தை ஆர் பாக்கிறது?

மூண்டு கிழமையா அவைக்குத் தெரியும்.

அடுத்தது ஆஸ்பத்திரி. இறங்க வேணும். மணியை அமத்தும் தம்பி. அந்தப் பையைத் தாரும். கொப்பியும் அதுக்கைதான் இருக்கோ? கடிதம்? இருக்கட்டும். படங்களை... இல்லை, அதைப் பையுக்கை வையாதையும். நீரே வைச்சிரும். இல்லாட்டிக் கிழிச்சுப் போடும்.

மலர் குந்தியிருந்து துடைச்சவ. மூண்டு படி. பிழிஞ்ச துணியால. ஏனப்பா எண்டு கேட்டா, உங்களுக்கு விளங்காது எண்டவ.

கையைப் பிடியும் தம்பி, கொஞ்சம் இறக்கிவிடும். கீழ உப்புப் போட்டுக் கிடக்கோ, பாரும். கிடக்கோ? நல்லது. அப்ப மிதிச்சு இறங்கலாம்.